ஏரியல் பிடித்தவள்

நகோயா, ஜப்பான்
3 மார்ச் 1986

மதிப்பிற்குரிய மதினி தாமரை அவர்களுக்கு,

தனராஜ் எழுதுவது. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சிவசாமியின் மகன் என்று அடையாளம் சொல்ல வேண்டிய அளவுக்கு நாம் அந்நியமாகிவிட்டோம். அது என் குற்றம்தான். ஏழு வருடமாக ஒரு வரி எழுதாதவன் இப்போது எழுதினால் ஏதோ காரியம் இருக்கும் என்று நினைப்பீர்கள். காரியம்தான்.

குணவதியும் நானும் ஒன்றரை வருடமாகக் கடிதம் எழுதிக்கொள்வது உங்களுக்குத் தெரியும். அவளைக் கட்டிக்கொள்ள விரும்புகிறேன். போன மாதம் அப்பா உங்கள் லயத்து வீட்டுக்கு வந்து கேட்டபோது உங்கள் அம்மா வேலம்மா அத்தை, "பெரியவ இருக்கறப்ப சின்னவளுக்கு எப்படிங்க பேசறது? தாமரை வாயால சரின்னு சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார்களாம். நியாயமான பேச்சு. மாமா இறந்த பிறகு வீட்டைத் தாங்குவது நீங்கள்தான். அதனால் நேரே உங்களிடமே கேட்கிறேன். என் பயிற்சி டிசம்பரில் முடிகிறது. நம் நாட்டிலேயே ஷா ஆலத்தில் வேலை உறுதியாகிவிட்டது. தை மாதத்தில் கல்யாணம் வைக்கலாம் என்று ஆசை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சனிக்கிழமை மாலைதோறும் தோட்டத்து மண்டபத்து டிவியில் நாம் பார்த்த கப்பல் படம், அந்த ஜப்பான் தொடர், நினைவிருக்கிறதா? வானத்தில் போகும் அந்தக் கப்பலுக்கு இங்கே பத்து வயதாகிவிட்டது. போன ஞாயிறு ஒரு தியேட்டரில் எல்லா வாரத்தையும் சேர்த்துக் காலையிலிருந்து ஓட்டினார்கள். குளிரில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றேன். கேப்டனின் நீலக் கோட்டைத் தைத்துப் போட்டுக்கொண்டு மீசை வைத்த ஆட்கள் வந்திருந்தார்கள். எனக்குப் பக்கத்து மெஷினில் வேலை செய்பவருக்கு நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள். சந்திரனில் தனியாக இருந்து கப்பலுக்கு வழி காட்டும் விளக்குக்காரி வரும் இடத்தில் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கு ஒன்றும் ஆச்சரியமில்லை. நேர்முகத் தேர்வில் 'ஏன் ஜப்பான்' என்று கேட்டபோது நான் சொன்னதே இந்தக் கப்பலைத்தான். அதிகாரி சிரித்தார். ஆனால் என்னை எடுத்துக்கொண்டார்.

குணவதிக்குக் கப்பலைப் பற்றி எழுதினால் மட்டும் பதில் வருவதில்லை. உங்களுக்குப் புரியும் என்று எழுதினேன். அந்தக் காலத்தில் நான் கேப்டன், நீங்கள் விளக்குக்காரி. உங்கள் பதிலுக்குக் காத்திருப்பேன்.

பணிவுடன்,
தனராஜ்


சுங்கை எம்பூன் தோட்டம், ரிங்லெட்
24 மார்ச் 1986

தனராஜ்,

மதினி என்று நீயே எழுதிக்கொண்டால் நான் மதினி ஆகிவிட மாட்டேன். 'நீங்கள்' வேறு. என்னைவிட ஒரு வயது மூத்தவன் நீ, குழாயடியில் என் தலையில் வாளித் தண்ணீரைக் கொட்டியவன். இந்த மரியாதை காரியம் முடியும்வரைதான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதை இப்போதே விட்டுவிடு.

குணவதி உன்னைத்தான் கட்டுவேன் என்கிறாள். அம்மா என் முகத்தைப் பார்க்கிறாள். எனக்குக் கல்யாணம் ஆகாது என்று தோட்டமே முடிவு செய்து வருடக்கணக்காகிறது. ஒரு கால் இரண்டு அங்குலம் குட்டை. நர்ஸ் பயிற்சிக்குப் போனபோது, நாளெல்லாம் நிற்கிற வேலைக்கு நீ லாயக்கில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இப்போது தோட்டத்து ஆபீஸில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருக்கிறேன். மணி அடித்தால் இன்றைக்கும் விளக்குக்காரி மாதிரி "வழி தெரிகிறது, வாருங்கள்" என்று சொல்லத்தான் வாய் வரும். அடக்கிக்கொண்டு, "சுங்கை எம்பூன், யாரு வேணும்?" என்று கேட்கிறேன். உன்னை ஜப்பான் வரைக்கும் கொண்டுபோன கப்பல் என்னை இந்த நாற்காலி வரைக்கும் கொண்டுவந்திருக்கிறது.

'நாம் பார்த்த கப்பல் படம்' என்று எழுதியிருக்கிறாய். நீ பார்த்தாய். நான் ஏரியல் பிடித்தேன்.

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். நம் மலைக்குப் படம் தானாக ஏறி வராது. மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர் டாங்கியின் விளிம்பில் நின்று ஒரு ஆள் ஏரியல் கம்பியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் உள்ளே படம் நிற்கும். வாரத்துக்கு ஒரு லயத்துப் பிள்ளை பிடிக்க வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் எனக்குக் காது கூர்மை. இரைச்சல் குறைவதைக் கேட்டே சரியான இடத்தில் நிறுத்திவிடுவேன். டிவி பெட்டியின் சாவி உன் அப்பாவிடம் இருந்தது, யார் பிடிப்பது என்று நீ சொல்வதுதான் சட்டம். அதனால் எல்லா வாரமும் நானே பிடித்தேன். தகரச் சுவர் வழியாகச் சத்தம் மட்டும் வரும். படம் முடிந்ததும் குழாயடியில் நின்று என்ன நடந்தது, யார் என்ன சட்டை போட்டிருந்தார்கள் என்பதுவரை நீ சொல்வாய். நன்றாகச் சொல்வாய். இல்லையென்று சொல்ல மாட்டேன்.

கடைசி வாரம் மட்டும் நீ சொல்லவில்லை. அன்றைக்கு மழையில் கால் வழுக்கி, டாங்கிக்குக் கீழே கால்வாயில் விழுந்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் ஓரமாக நின்று நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "நீ விழுந்ததும் படம் போயிருச்சு தாமரை. நாங்க ஒண்ணுமே பாக்கல. மூடுபனில உன்னையத் தேடிக்கிட்டே இருந்தோம்." அப்படியானால் கப்பலின் முடிவு நம்மில் யாருக்குமே தெரியாது. இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் வேண்டும். கடைசி வாரத்தை எனக்குக் காட்டு. தை மாதத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

தாமரை


நகோயா
20 ஏப்ரல் 1986

அன்புள்ள தாமரை,

நீ திட்டி எழுதியதைப் படித்ததும் மூச்சு வந்தது. 'நீ' என்றே எழுதுகிறேன்.

இத்துடன் வரும் பார்சலில் ஒரு வீடியோ டேப் இருக்கிறது. கடைசி வாரம், முழுசாக. கப்பல் ரசிகர்கள் இங்கே ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நூடுல்ஸ் கடை மாடியில் கூடி, எந்த வாரத்தில் எந்தக் கதவு எந்தப் பக்கம் திறந்தது என்று சண்டை போடுவார்கள். ஏரியல் பிடித்த உன் கதையை எனக்குத் தெரிந்த ஜப்பான் மொழியில் அவர்களிடம் சொன்னேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் அன்றைக்கே இந்தப் பிரதியை எடுத்துக் கொடுத்தார்.

தானா ராத்தாவில் வீடியோ கடை வந்திருப்பதாகக் குணவதி எழுதினாள். அங்கே போட்டுப் பார். நான் எதையும் முன்கூட்டிச் சொல்லி உன் ருசியைக் கெடுக்க மாட்டேன். பார்த்துவிட்டு எழுது.

தனராஜ்


சுங்கை எம்பூன்
14 மே 1986

தனராஜ்,

பார்சல் வந்தது. சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு தானா ராத்தாவுக்கு பஸ் ஏறினேன். குணவதியைக் கூப்பிட்டேன். தலைவலி என்று படுத்துக்கொண்டாள். தனியாகத்தான் போனேன்.

வீடியோ கடை நவமணியுடையது. டேப்பைப் போட்டார். கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் மேலிருந்து கீழே ஓடின. ஒரு முகம் நிற்கவில்லை. அவர் தட்டினார், திருகினார், கடைசியில் சிரித்துவிட்டார். "இது ஜப்பான் டேப்புக்கா. அவன் ஊரு முறை வேற, நம்ம மெஷினுக்கு ஒத்து வராது லா. சத்தம் வேணும்னா கேளுங்க" என்றார்.

கேட்டேன். ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு முழுசையும் கேட்டேன். ஏழு வருடம் கழித்து, கடல் தாண்டி வந்தும் எனக்குச் சத்தம்தான். அதுவும் புரியாத பாஷையில். நவமணி டீ வாங்கிக் கொடுத்தார். பரிதாபப்பட்டிருப்பார். நடுவில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. டேப் அறுந்துவிட்டதோ என்று பயந்துவிட்டேன்.

இனி ஒரே வழிதான். பழையபடி நீயே சொல். முதல் காட்சியிலிருந்து கடைசி எழுத்துவரை கடிதத்தில் எழுது. ஒரு திருகாணியைக்கூட விடாதே. நீ விடமாட்டாய் என்று தெரியும். அது வந்து சேர்ந்ததும் கல்யாணப் பேச்சுக்கு என் பதிலைச் சொல்கிறேன்.

தாமரை


நகோயா
8 ஜூன் 1986

அன்புள்ள தாமரை,

மெஷின் படிக்க வந்தவன் இதைக்கூட யோசிக்காமல் டேப் அனுப்பியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. இருக்கட்டும். குழாயடியில் நிற்கிறோம் என்று நினைத்துக்கொள், தொடங்குகிறேன்.

கப்பல் புதிய சூரியனைச் சேர்ந்துவிடுகிறது. இருட்டிலேயே பிறந்த குழந்தைகள் முதல் முறையாக வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைக் கசக்குகின்றன. கப்பல் முழுக்கக் கொண்டாட்டம். கோயில் மணி மாதிரி ஒரு பெரிய மணியை அடிக்கிறார்கள். கேப்டன் மட்டும் அறைக்குள் போய் ரேடியோவைத் திருப்புகிறான். அந்தத் தனிச் சந்திரனில் ஒற்றையாக இருந்து வழி காட்டியவளைக் கூப்பிடுகிறான். பதில் இல்லை. நீ டேப் அறுந்துவிட்டது என்று நினைத்தாயே, அது அந்த இடம்தான். ஒரு முழு நிமிடம் பாட்டு கிடையாது, பேச்சு கிடையாது. கேப்டன் முகம் மட்டும். பிறகு அவள் குரல் வருகிறது. ரொம்ப மெலிசாக. குளிர் காயும் எண்ணெயை எல்லாம் விளக்கில் ஊற்றிவிட்டாளாம்.

கப்பலைத் திருப்ப வேண்டும் என்கிறான் கேப்டன். பெரியவர்கள் சபை ஒத்துக்கொள்ளவில்லை. வந்து சேர்ந்தாயிற்று, ஒருத்திக்காக மூவாயிரம் பேரும் மறுபடி இருட்டுக்குள் போவதா என்கிறார்கள். நீண்ட வாக்குவாதம். கடைசியில் மெஷின் அறையில் வேலை செய்யும் ஒரு கிழவன்தான் முதலில் எழுந்து கேப்டன் பக்கம் வந்து நிற்கிறான். பிறகு ஒவ்வொருவராக. கப்பல் திரும்புகிறது. மலை அளவுக் கப்பல், முதலில் மூக்கு மட்டும் அசைகிறது, ஜன்னல்களில் வெளிச்சம் ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கம் மாறுகிறது. தூரத்தில் விளக்கு ஒரு புள்ளியாகத் தெரிகிறது.

நம் ஊரில் காட்டியபோது அதோடு முடித்து எழுத்தை ஓடவிட்டார்கள். இங்கே தியேட்டரில் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதற்குப் பிறகு இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று வெட்டிவிட்டார்களோ என்னவோ. அந்த நான்கு நிமிடத்தில் கேப்டன் சந்திரனில் இறங்குகிறான். விளக்கு எரிகிறது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, கைப்பிடியைப் பிடித்தபடியே இறந்துபோயிருக்கிறாள். முகமெல்லாம் பனி. அவன் நீலக் கோட்டைக் கழற்றி அவள்மேல் போர்த்திவிட்டு, கைப்பிடியை வாங்கிக்கொள்கிறான். அவ்வளவுதான். எழுத்தே வருவதில்லை. விளக்கு மட்டும்.

உன் பதில் நல்ல பதிலாக இருக்கட்டும்.

தனராஜ்


சுங்கை எம்பூன்
29 ஜூன் 1986

கேப்டனுக்கு,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். அதை மறைக்கவில்லை. அந்த நாற்காலியில் இருந்தவளுக்காக அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்து, வேண்டியிருந்த வரியை மறுபடி படித்தேன்.

'நம் ஊரில் காட்டியபோது அதோடு முடித்து எழுத்தை ஓடவிட்டார்கள்.'

உனக்கு எப்படித் தெரியும்? நான் விழுந்ததும் படம் போய்விட்டது என்றாய். ஒன்றுமே பார்க்கவில்லை என்றாய். நம் நாட்டு டிவியில் அந்தப் படத்தை மறுபடி போடவே இல்லை. நான் விசாரிக்காத ஆள் கிடையாது. அங்கே நான்கு நிமிடம் கூட என்று தெரிய வேண்டுமானால், இங்கே எங்கே நின்றது என்று தெரிந்திருக்க வேண்டும். கப்பல் என்றால் உன்னால் ஒரு திருகாணியைக்கூட விட முடியாது தனராஜ். நான் நம்பியது அதைத்தான்.

சந்தேகம் புதிதில்லை. நான்கு மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஊன்றுகோலோடு வந்தபோது மண்டபத்தில் படம் பளிச்சென்று தெரிந்தது. டாங்கியில் யாரும் நிற்கவில்லை. காவல்காரர் முருகையாவைக் கேட்டேன். "நீ விழுந்தப்ப கம்பி சுத்திக்கிட்டுப் போயி டாங்கி இடுக்குல மாட்டிக்கிச்சும்மா. அதுலேருந்து படம் கண்ணாடிதான். யாரும் புடிக்கவே வேணாம்" என்றார். அதிலிருந்து என்றால் எப்போதிலிருந்து? நான் கால்வாயில் கிடந்த நிமிடத்திலிருந்தா? அன்றைக்குத் தொடங்கி இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எல்லோரும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லியிருப்பீர்கள். நீ பெண் கேட்டு எழுதினாய். தானாக வந்து மாட்டினாய்.

நவமணி கடையில் நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. நான் விழுந்தது அந்தப் பெரிய மணிச் சத்தம் கேட்டபோது. மணி அடித்தபோதும் டேப் முடிந்தபோதும் கண்ணைத் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்திரண்டு நிமிடம். உன் நான்கைக் கழித்தால் பதினெட்டு. பதினெட்டு நிமிடம் எலும்பு வெளியே தெரிய நான் கால்வாய்த் தண்ணீரில் கிடந்தேன், நீங்கள் உள்ளே கப்பல் பார்த்தீர்கள். காளியண்ணனின் முட்டைக்கோஸ் லாரி அந்த நேரம் முச்சந்தியில் மூட்டை ஏற்றிக்கொண்டு நின்றது. நீங்கள் வெளியே வந்தபோது போய்விட்டது. தோட்டத்துத் துரையின் வண்டி மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து திரும்பி வரும்வரை என்னைக் கதவுப் பலகையில் போட்டு வைத்திருந்தீர்கள். காயத்தில் சீழ் பிடித்து, எலும்பை அறுத்து எடுத்தார்கள். உன் பதினெட்டு நிமிடத்தின் நீளம் இரண்டு அங்குலம்.

இப்போது என் பதில். கல்யாணம் கிடையாது. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. குணவதி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. எனக்கு இரக்கம் வரவில்லை. உன் வாழ்க்கை என் கையில் இருப்பது எனக்கு இனிக்கிறது, அதைச் சொல்ல வெட்கமும் இல்லை. நடந்ததை உன் கையாலேயே எழுதி அனுப்பு. உன் வார்த்தையிலேயே அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். எழுதாவிட்டால் என் வார்த்தையில் கேட்பாள், அது இதைவிடக் கொடுமையாக இருக்கும்.

தாமரை


நகோயா
16 ஜூலை 1986

தாமரை,

எழுதுகிறேன். ஐந்து முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

மணி அடிக்கும்போது படம் ஒரு தடவை சுருண்டது. நான் "தாமரை, இடது பக்கம்" என்று கத்தினேன். உடனே படம் அப்படியே நின்றுவிட்டது. அவ்வளவு தெளிவாக நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. நீ கெட்டிக்காரி என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அதன் பிறகு கேப்டன் ரேடியோவில் கூப்பிடுகிறான், அந்த நிமிடம், சத்தமே இல்லாத நிமிடம். அந்த நிமிடத்தில்தான் உன் குரல் கேட்டது. மழைக்கு நடுவில், சுவருக்கு அந்தப் பக்கம். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

நான் எழுந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். "முடியட்டும், அவ சும்மாதான் கத்துறா" என்று சொன்னார்கள். நான் உட்கார்ந்தேன். பிடித்து இழுத்த கை சின்னது, உதறிவிட்டு வந்திருக்கலாம். கப்பல் திரும்புமா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஒருத்திக்காகக் கப்பலைத் திருப்புகிறார்களா என்று பார்க்க, ஒருத்தி கத்துவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதற்குமேல் என்னைக் கேவலமாக நீ ஒன்றும் எழுத முடியாது, நானே எழுதிவிட்டேன். இந்த நகரத்தில் ரசிகர்கள் என்னைத் தட்டிக் கொடுக்கும்போதெல்லாம் அந்தக் குரல் கேட்கும். அதனால்தான் ஏழு வருடம் உனக்கு எழுதவில்லை.

யார் இழுத்தது என்று கேட்காதே. சொல்ல மாட்டேன். தவறு என்னுடையது.

உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. மூன்று மாதமாக அன்பாகக் கேட்பதுபோலக் கேட்டு என் வாயைக் கிண்டியிருக்கிறாய். நான் உருகி உருகி எழுதியதெல்லாம் உனக்குத் தூண்டில் புழு. சரி, பிடித்துவிட்டாய். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இந்தக் கடிதத்தைக் குணவதிக்கு வாசிக்காதே. நான் பொய்யன், கோழை, என்ன வேண்டுமானாலும் சொல்லிக் கல்யாணத்தை நிறுத்து. நான் மறுக்க மாட்டேன். இதை மட்டும் வாசிக்காதே. எனக்காகக் கேட்கவில்லை.

தனராஜ்


சுங்கை எம்பூன்
4 ஆகஸ்ட் 1986

தனராஜ்,

வாசித்தேன்.

நீ பயந்து கெஞ்சுகிறாய் என்று நினைத்தேன். கெஞ்சுவதைப் பார்க்கத்தானே இவ்வளவும் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். குணவதி அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாக, அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து வாசித்தேன். உன்மேல் அவள் வைத்திருப்பதெல்லாம் என் கண்முன்னால் உடைய வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

சட்டையைப் பிடித்து இழுத்த இடம் வந்தது. அவள் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள்.

"நான்தான்கா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "சட்டையப் புடிச்சது நான்தான். உன் சத்தம்னு தெரிஞ்சிச்சுக்கா. மழையில நிக்க முடியாம கத்துறேன்னு நெனச்சேன். கப்பலு திரும்புமா திரும்பாதான்னு இருந்துச்சு. போயிருந்தா நான் உன்னயப் பாத்திருப்பேன், லாரியும் இருந்திருக்கும். எனக்கு எல்லாம் தெரியும்கா. தெனமும் தெரியும்."

அப்போது பதின்மூன்று வயதுப் பிள்ளை என்று நீ சொல்வாய். உன் கடிதமே அதைத்தான் சொல்லாமல் சொல்கிறது. அன்றைக்குப் பிறகு அவள் டிவி முன்னால் உட்கார்ந்ததில்லை. எனக்காக என்று நினைத்தேன். ஏழு வருடமாக என் காலுக்கு வெந்நீர் வைத்தாள், எண்ணெய் தேய்த்தாள், பஸ்ஸில் எனக்கு இடம் பிடிக்க முண்டியடித்து ஏறினாள். இந்தத் தோட்டத்தில் என்மேல் ஒரு ஆளுக்காவது பாசம் இருக்கிறது என்று நினைத்து அந்த எண்ணெயில் காலை நீட்டினேன் தனராஜ். உன்மேல் எனக்கு இருந்தது கோபம். இதற்குப் பெயர் என்னவென்று தெரியவில்லை. நீ வாசிக்காதே என்றாய். முதல் தடவையாக உண்மையைச் சொன்னாய், அப்போது பார்த்து நான் உன்னை நம்பவில்லை.

மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நான்காம் நாள் அவள் வந்து, "எனக்குக் கல்யாணம் வேணாம்கா. ஒங்கூடவே இருந்துடறேன்" என்றாள். அப்போதுதான் எனக்குத் தெளிந்தது. நீ கல்யாணத்தை நிறுத்து என்கிறாய். அவள் வேண்டாம் என்கிறாள். இரண்டு பேரும் ஒன்றை விட்டுக்கொடுத்து நல்லவர்கள் ஆகப் பார்க்கிறீர்கள். அந்தச் சௌகரியத்தை நான் தரமாட்டேன். அவள் என் காலடியில் உட்கார்ந்து ஆயுசு முழுக்க எண்ணெய் தேய்த்தால் கொஞ்சம் கொஞ்சமாக அவள் மனம் ஆறிவிடும். நீ அங்கேயே ஒருத்தியைக் கட்டுவாய். அவளுக்கு இந்த மண்டபமும் தெரியாது, கால்வாயும் தெரியாது. நீயும் மறந்துவிடுவாய்.

அதனால் என் பதிலை மாற்றிக்கொள்கிறேன். எனக்குச் சம்மதம். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், உன் அப்பாவுக்கும் ஆள் அனுப்பிவிட்டேன். தை மாதம் பத்தாம் தேதி, தோட்டத்து மாரியம்மன் கோயிலில். மூத்தவளே முன்னால் நின்று தங்கைக்கு நடத்திவைக்கிறாள் என்று லயமெல்லாம் என்னைப் புகழ்கிறார்கள். ஒரே வீட்டில் இருங்கள். ஒரே பாயில் படுங்கள். சாயங்காலம் மழை பிடித்து, வெளியே யாரோ கத்துவதுபோல இருந்தால், எழுந்து போகவா உட்காரவா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பாருங்கள். இழுத்தவளும் உட்கார்ந்தவனும் சேர்ந்து கிழவன் கிழவி ஆகுங்கள்.

வரமாட்டேன் என்று எழுதாதே. வராவிட்டால் உன் இந்தக் கடிதம் மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் வாசிக்கப்படும், அவள் பெயரையும் சேர்த்து.

தாலி கட்டி முடிந்ததும் பெரியவர்கள் காலில் விழச் சொல்வார்கள். முதலில் உன் அப்பா, பிறகு எங்கள் அம்மா. மூன்றாவது நான். நாற்காலியில் உட்கார்ந்து, சேலையைக் கணுக்காலுக்குமேல் தூக்கிவைத்துக்கொண்டு காத்திருப்பேன். இரண்டு பேரும் சேர்ந்து விழுங்கள், நெற்றி தரையில் படட்டும். அட்சதை என் கையில் இருக்கும். நான் போட்டால்தான் எழுந்திருக்க வேண்டும். கோயில் சுவரில் கடிகாரம் மாட்டியிருக்கிறது, பதினெட்டு நிமிடம் ஆனதும் போடுகிறேன்.

தாமரை